கொலுசுக்குச் சொந்தக்காரி

பாப்பா கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள், கொலுசுச் சத்தம் வரவில்லை.

அடுப்பங்கரையில் கரண்டியோடு நின்றவளுக்கு முதலில் அது உறைக்கவே இல்லை. தப் தப், ஒரு சின்னக் குதி, மறுபடி தப் தப் என்று பாப்பாவுக்கே உரிய அந்த ஓட்டம் கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது, பக்கத்து வீட்டு மிக்ஸி கூடக் கேட்டது; காலையில் போட்டுவிட்ட, மணிமணியாகத் தொங்குகிற வெள்ளிக் கொலுசு மட்டும் ஊமையாக இருந்தது. பாப்பா களைத்துப்போய்ச் சோபாவில் தூங்கிய பிறகு, யாருமில்லாத படுக்கையறையில் சலங் சலங்கென்று யாரோ நிதானமாக நடந்தார்கள்.

எல்லாம் இவளாக இழுத்துவிட்டுக்கொண்ட வினை. பழைய வெள்ளி வாங்குகிற கடையில் இவளுக்குத் தராசு வேலை. கொலுசு எதுவானாலும் முதலில் கொக்கியை வெட்டித் துண்டாக்கணும், அப்புறம்தான் தட்டில் வைக்கணும், அங்கேயிருந்து நேரே உருக்க அனுப்பணும். சேர்ந்த அன்றைக்கே முதலாளி சொன்ன முதல் பாடம். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. இந்த ஜோடியைப் பார்த்ததும் வெட்டக் கை வரவில்லை. பெற்ற பெண்ணுக்குப் போட்டு அழகு பார்க்கலாமே என்று முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மறுநாள் பாப்பாவின் பாதம் சில்லிட்டிருந்தது. பிறகு கணுக்கால். ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். குளிர் முழங்காலைத் தாண்டி ஏறியது. எண்ணெய் விட்டாள், சோப்புப் போட்டாள், கடைசியில் பல்லால் கூடக் கடித்துப் பார்த்தாள், திருகாணி இம்மியும் அசையவில்லை. கூப்பிட்டால் பாப்பா திரும்பிப் பார்க்க நேரமானது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்களா என்று யோசிப்பவள் மாதிரி.

கடைக்குக் கொலுசைக் கொண்டுவந்த பழைய சாமான்காரரைத் தேடிப் பிடித்தாள். "எந்தச் சாக்குல கெடந்துச்சோ, யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்?" என்று அவர் கையை விரித்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்தரின் பட்டறைக்கு ஓடினாள்.

"வெட்டிடுங்கண்ணே. கொலுசு போனாப் போவுது, பிள்ளை பொழச்சாப் போதும்."

கத்தரி வெள்ளியைத் தொட்டது. பாப்பாவின் மூச்சு நின்றது. எடுத்ததும் வந்தது. மறுபடி தொட்டார், மறுபடி நின்றது. பத்தர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இந்தத் திருகாணி நான் வெச்சதும்மா. ஒரு அம்மா கொண்டாந்தாங்க. அப்ப இதுல திருகாணியே கெடையாது. கால்ல மாட்டி, ரெண்டு முனையையும் நெருப்பு வெச்சு ஒட்டியிருந்துச்சு, கழட்டவே கூடாதுங்கற மாதிரி. அதை யாரோ அப்புறம் அறுத்து எடுத்திருந்தாங்க."

"குழந்தை கால்லயா? சுடாதா?"

"சூடு தெரியற கால்ல அப்படி ஒட்ட முடியாதும்மா."

அவளுக்குப் புரிந்தது. செத்த பிள்ளையின் கொலுசு.

"அவங்ககிட்டயே குடுத்துடு," என்றார் பத்தர், அவள் முகத்தைப் பார்க்காமல். "தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி, அச்சகத்தை ஒட்டின வீடு."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இடுப்பில் பாப்பா ஈரத் துணிமூட்டை மாதிரி தொங்க, மை நெடியும் சாக்கடை நெடியும் கலந்து அடிக்கிற சந்தில், அச்சு இயந்திரம் தடதடப்பதற்கு நடுவே பிள்ளையின் மூச்சைக் காது கொடுத்துத் தேடித் தேடி நடந்தாள். மூச்சு இருந்தது. அதுவே போதும்.

வாசற்படியில் கால் வைத்தாள். சலங்.

பாப்பாவின் காலில் கொலுசு முதன்முதலாகச் சத்தம் போட்டது. தட்டுமுன் கதவு திறந்தது. தலை வாரி, முகம் கழுவி, ஒரு அம்மாள். உள்ளே மேஜையில் சின்னத் தட்டு. ஆவி பறக்கும் பால்.

"உங்க பொருளை எடுத்துக்குங்கக்கா. உங்க கால்ல விழறேன். எம் பொண்ணை விட்டுடச் சொல்லுங்க."

பாப்பா நழுவி இறங்கினாள். சலங் சலங். நேரே உள்ளே போனாள். விளக்கு சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்தது. தேடவில்லை. கை தானாகப் போனது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த அம்மாள் மண்டியிட்டாள். திருகாணியை விரல் நுனியால் ஒரு திருகு. கழன்றது. இன்னொன்றும்.

"பாப்பா. வாடா தங்கம், வீட்டுக்குப் போலாம்."

பாப்பா அந்த அம்மாளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, யாரும்மா இவங்க?"

இவள் பாய்ந்து பிடித்து இழுத்தாள். கால் கதகதவென்று இருந்தது. பிள்ளை வீறிட்டது, பிள்ளை பிடிப்பவளைக் கண்டதைப்போல. அந்த அம்மாள் இவள் விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் கொலுசை வைத்து மூடினாள்.

"உருக்கிடாத. நானும் எம் பொண்ணை இதுலதான் பத்திரமா வெச்சிருந்தேன்."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினாள். கத்தினாள். கும்பிட்டாள். உள்ளே ஒரு பிள்ளை சிரித்தது.

கைக்குள் கொலுசு சூடாக இருந்தது. விரித்துப் பார்த்தாள். காற்றே இல்லை. கொலுசு தானாகக் குலுங்கியது. சலங் சலங். ஒரு சின்னக் குதி. மறுபடி சலங் சலங்.

மூடினாள். மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

அச்சகப் படியில் ஒரு சிறுமி பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். வெறுங்கால்.

அவள் வெகுநேரம் அந்தக் காலையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் மண்டியிட்டு, திருகாணியைத் திருகித் திறந்தாள்.

"இங்க வா கண்ணு," என்றாள். "காலைக் காட்டு."