தில்லைத்துறையின் சனத்தொகை

தில்லைத்துறையில் எந்த வீட்டில் கேட்டாலும், கண்ணுக்குத் தெரிந்ததைவிட ஒருவரைக் கூட்டித்தான் சொன்னார்கள்.

முதல் வீட்டில் செசீலியா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவளுக்கு இப்படியான ஊர்கள் பழக்கம். பட்டணத்தைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, வாவியோரமாக ஒட்டிக்கிடக்கும் சின்ன ஊர். ஆம்பிளைகள் தோணிக்கும் மேசன் வேலைக்கும் போவார்கள். பொம்பிளைகளில் பாதிப் பேர் விடியுமுன் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்கு, மீதிப் பேர் குவைத்துக்கு.

“வெளிநாட்டில இருக்கிற ஆக்கள சேர்க்கப்படாது ஐயா,” என்றாள்.

“வெளிநாட்டில இல்ல மிஸ். உள்ளுக்குத்தான்,” என்ற வீட்டுக்காரர் வினாயகமூர்த்தி, அறைவாசல் திரையை மெல்ல இழுத்துவிட்டார்.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். மாரி மழை காலையிலேயே விட்டிருந்தது. தகரக் கூரைகள் காய்ந்துவிட்டன. ஆனால் எல்லா வீட்டு நிலத்திலும் ஈரம். முற்றத்தில் இறால் காய்ந்த வாடைக்கும் அடுப்புப் புகைக்கும் அடியில், வாவியின் அடிச்சேற்றைக் கிளறினால் வருமே, அந்தக் குளிர்ந்த மணம், திரைகளுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். இருமல் இல்லை, பேச்சு இல்லை. நீர் சொட்டும் சத்தம் மட்டும்.

அந்த மணம் அவளுக்குத் தெரியும். போன மாரியில், கோயில் திருநாளுக்குப் போன தோணி இதே வாவியில் கவிழ்ந்த அன்று, இடுப்பளவு தண்ணீரில் இருட்டும்வரை நின்றிருந்தாள். மற்றப் பிள்ளைகளின் உடல்களை எடுத்தார்கள். அவளுடைய ஏழு வயது மகன் மேர்வினை எடுக்க முடியவில்லை. அவனுடைய பள்ளிச் சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தார்கள். புருசன் கத்தாருக்குப் போனான். பிறகு அவனுடைய போனும் வருவதில்லை. தன் வீட்டில் எத்தனை பேர் என்று யாரும் கேட்டால், ஒன்று என்று சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வருவதில்லை.

கடைசி வீடு கண்ணகையுடையது. புருசனை இழந்தவள், செசீலியாவைவிடக் கொஞ்சம் மூத்தவள். செசீலியா இருக்கக் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

“எத்தின பேர் அக்கா?”

“ரெண்டு.”

“மற்ற ஆள்?”

“மகன்.”

பக்கத்து வீட்டில், கண்ணகைக்கு ஒரேயொரு மகள், அவளும் வாவியோடு போனாள் என்று சொல்லியிருந்தார்கள். செசீலியா பேனையை மூடினாள்.

“உங்களுக்கு மகளெல்லோ அக்கா இருந்தது?”

கண்ணகை வாவிப் பக்கம் திரும்பினாள்.

“அவள் வரல்ல, தங்கச்சி. கரையில எத்தின நாள் விளக்கு வெச்சன். அவள் வரல்ல. இவன் வந்தான். நனைஞ்சி போய் வாசல்ல நிண்டான். ஆர்ர புள்ளயெண்டு கேக்கிறதா? இஞ்ச எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான். வாற ஆக்கள எடுக்கிறம். துடைச்சி விடுறம். கதைக்க மட்டும் விடுறல்ல.”

“ஏன்?”

“வாய் திறந்தா கரைஞ்சி போயிருவாங்க.”

செசீலியாவுக்கு எழும்பிப் போக வேண்டும் போலிருந்தது. ஆனால் எழும்பவில்லை. பொழுது சாய்ந்து வாவி ஈயம்போலக் கிடந்தது. உள்ளே நீர் சொட்டியது. நின்றது. பிறகு நிலத்தில் ஈரப் பாதம் வைக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

திரை விலகியது.

ஒரு சிறுவன். பெரிய பெண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தான். முழங்கால்வரை தொங்கியது. தோல் வெளுத்து, ஊறி, விரல் நுனிகளில் சுருங்கியிருந்தது. இடது புருவத்தில் தழும்பு. சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. செசீலியா தன் கையால் மருந்து போட்டது.

அவன் நேரே கண்ணகையிடம் போய் அவள் மடியோடு ஒட்டிக்கொண்டான்.

“மேர்வின்,” என்றாள் செசீலியா.

கண்ணகையின் முகம் மாறியது. எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. “தங்கச்சி, கும்பிட்டுக் கேக்கிறன். பாருங்க. பாத்திட்டுப் போங்க. ஒவ்வொரு நாளும் வாங்க. கதைக்கச் சொல்லிக் கேட்டிராதங்க.”

செசீலியா தலையாட்டினாள். உண்மையாகத்தான் தலையாட்டினாள். கை நீட்டி அவன் தலைமயிரைத் தொட்டாள். சேற்றின் குளிர். அவன் திரும்பி, யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

“மகன், அம்மாவத் தெரியல்லையா? அம்மா. அம்மா எண்டு சொல்லு.”

“வேணாம் தங்கச்சி.”

“ஒருக்கா மட்டும்.”

அவன் கண்ணில் ஏதோ அசைந்தது. கண்ணகையின் மடியை விட்டு வந்தான். செசீலியாவின் சாரித் தலைப்பை இறுக்கிப் பிடித்தான். வாய் திறந்தான்.

தண்ணீர் வந்தது. கறுப்பாக. நிற்காமல்.

“அ...”

தாடை இளகியது. கன்னம் வழிந்தது. கண்ணகை சட்டையோடு அவனை அள்ளிப் பிடித்தாள். கைகளுக்கிடையால் சேறு இறங்கியது. அவள் அலறவில்லை. ஏந்தி ஏந்திப் பார்த்தாள். செசீலியாவும் முழங்காலில் விழுந்து நிலத்தில் வழித்தாள், கூட்டிச் சேர்த்தாள், தோள் எது முகம் எது என்று தெரியவில்லை. இரண்டு பேரின் கைகளும் அந்தச் சேற்றுக்குள் ஒன்றையொன்று தட்டின.

வெளியே ஊரின் ஒவ்வொரு வாசலிலும் நனைந்த ஆள் ஒன்று வந்து நின்றது. எல்லாரும் வாயை இறுக்கி மூடியிருந்தார்கள்.

செசீலியா எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. சாரித் தலைப்பு பாரமாக இழுத்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லாத சின்னக் கை ஒன்று, இன்னும் அதை விடாமல் பிடித்திருந்தது.