ஏழாவது புள்ளி

தவறு மயூரனுடையதுதான். கணினிக்குள் போலி மனிதர்களைப் பேசவிட்டு, செய்தி எப்படிப் பரவுகிறது என்று ஆராய்கிறவன், தவறான கோப்பைக் கொடுத்துவிட்டான். கருத்தாய்வுப் பதிவுகளுக்குப் பதில் தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் ஐந்து வருட அரட்டை. முனைவர் பட்டத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது.

திரையில், குழுவில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு புள்ளி; மொத்தம் பன்னிரண்டு. ஏழாவது அவன். சிரித்துக்கொண்டே ஓடவிட்டான். அக்காவின் புள்ளி, நிஜ அக்காவைப் போலவே எல்லாரிடமும் புலம்பியது. செவ்வாய்க்கிழமை வாங்கிய கோப்பி மேசையில் ஏடு கட்டிப் புளித்த வாசனை அடிக்க, ஏர்கான் உறுமலுக்கு நடுவே ஆய்வகம் ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானபோதுதான் கவனித்தான்: பதினொரு புள்ளிகளும் வட்டமாகக் கூடித் தங்களுக்குள் ஓயாமல் பேசின. ஏழாவதை நெருங்கியதும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விலகின.

பழைய அரட்டையில் தேடினான். சித்தப்பாவின் கடைசி மூன்று மாதம். புற்றுநோய் என்று அவருக்கு மட்டும் சொல்லாமல், எல்லாரும் "சாப்பிட்டீங்களா சித்தப்பா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மயூரனும் கேட்டவன்தான்.

பிறகு இந்த வார அரட்டை. செவ்வாயிலிருந்து அவனுக்கு வந்ததெல்லாம் அதே கேள்வி.

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்திருந்தான். "எல்லாம் நார்மல்தான்," என்றிருந்தாள் மனைவி நிவேதிகா.

அக்காவை அழைத்தான்.

"அக்கா, என் ஸ்கேன்ல என்ன வந்துச்சு?"

யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம்.

"சாப்பிட்டியாடா?"

வீட்டுக்குப் போகும் ஈசூன் ரயிலில் நிற்க இடமில்லை; அவன் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. நம் முக லட்சணம் அப்படி என்று நினைத்துக்கொண்டான். சிரிப்பு வரவில்லை.

வீட்டு வாசலில் செருப்புகள். எண்ணினான். பதினொரு ஜோடி.

கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். வட்டமாக நின்றார்கள். திரையில் நின்றது போலவே. நடுவில் தலைவாழை இலை. ஆவி பறக்கும் சோறு. அதன் முன் யாருமில்லை.

அக்கா குனிந்தாள். இலையிடம் கேட்டாள்.

"சாப்பிட்டியாடா?"

அடுத்து அண்ணன். அதே கேள்வி. அடுத்தவர். அதே.

வாசல் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை.

நிவேதிகா மட்டும் திரும்பினாள்.

"நிவே. எனக்கு என்ன? நீயாவது சொல்லு."

அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"நீங்க செவ்வாக்கிழமையே போயிட்டீங்க," என்றாள். "உங்ககிட்ட சொல்லத்தான் யாருக்கும் மனசு வரல."