குமிழி தின்ற இரும்பு

விசையை விட்ட பிறகும் சத்தம் நிற்கவில்லை.

இறங்குதுறையின் ஏழாவது இரும்புத் தூணடியில், கழுத்துவரை அல்ல, தலைக்கு மேலும் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் ஆழத்தில், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கொலின்ஸ் தண்ணீர்த் துப்பாக்கியை மார்போடு அணைத்தபடி அசையாமல் நின்றான். துப்பாக்கியின் வாயிலிருந்து வெள்ளையாய்ப் பீறிட்ட நீர் அடங்கிவிட்டது. கிளம்பிய சேறும் உடைந்த சிப்பித் தூளும் மெல்ல மெல்லக் காலடியில் படிந்துகொண்டிருந்தன. ஆனால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற அந்தப் படபடப்பு மட்டும் காதுக்குப் பக்கத்தில் விடாமல் கேட்டது. கல்லிடுக்கிலிருந்து சொடுக்குப் போடும் சின்ன இறால்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பத்து வருடம் கடலட்டைக்குச் சுழியோடியவனுக்கு அந்த இறால்களின் சத்தம் தெரியாதா? தெரியும். இது வேறு.

எட்டு மாதத்துக்கு முன் செலீனா பிறந்தபோது, இனிக் கண்டபடி கடலுக்குள் இறங்குவதில்லை என்று மனைவி சுவேதினிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். பிள்ளைக்கு அப்பா வேண்டும், அவ்வளவுதான். பகல் வேலை, மேலே கயிறு பிடிக்க ஒரு ஆள் என்றதால்தான் தூண்களில் சிப்பி சுரண்டும் இந்த வேலைக்கு வந்தான். கயிறு பிடிப்பவன் சுவேதினியின் அண்ணன் ஜெனோஜன். ஒருமுறை இழுத்தால் துப்பாக்கிக்குத் தண்ணீர் தள்ளும் பம்பைப் போட வேண்டும். இரண்டு முறை என்றால் நிறுத்த வேண்டும். மூன்று என்றால் ஆளைத் தூக்க வேண்டும்.

துப்பாக்கியைக் கொண்டுவந்த றொகான் முதல் நாளே விளக்கியிருந்தார். "தண்ணி இல்லத் தம்பி இரும்பைத் தின்னுறது. அந்த வேகத்தில போகேக்க தண்ணிக்குள்ள குமிழி பிறக்கும். அது உடையிற இடத்தில ஒண்டும் நிக்காது. சிப்பி போனவுடன நிப்பாட்டிப்போடுங்கோ. பிறகும் பிடிச்சால் தூணையே தின்னும்."

நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சிப்பி போன இடத்தில் இரும்பு ஏற்கெனவே தின்னப்பட்டிருந்தது. குண்டூசி முனையளவு குழிகள், நூற்றுக்கணக்கில், துருவே இல்லாமல் பளபளவென்று கிடந்தன. இத்தனை வருடம் சிப்பிக்குக் கீழே மூடிக்கிடந்த இரும்பு எப்படிப் பளபளக்கும்? அந்த ஆவல்தான் அவனைக் கெடுத்தது. இன்னும் கொஞ்சம் பிடித்தான். விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. உள்ளே இருட்டு. அதற்குள்ளிருந்து ஒரே ஒரு குமிழி வந்து அவன் முகக்கண்ணாடியில் உடைந்தது.

இரண்டு முறை கயிற்றை இழுத்தான். படபடப்பு நிற்கவில்லை. மூன்று முறை இழுத்தான்.

"நிப்பாட்டு எண்டாய், நிப்பாட்டினனான். உடன ஒருக்கா இழுத்துத் திரும்பப் போடச் சொல்லுறாய். பிறகு தூக்கு எண்டுறாய்," என்றான் ஜெனோஜன், அவனை மேலே ஏற்றியபடி. "கீழ என்ன மச்சான், நித்திரையோ?"

"ஒருக்கா நான் இழுக்கேல்லை."

"இழுத்தாய். மெதுவாத்தான் இழுத்தாய். சின்னப்பிள்ளை இழுக்கிற மாதிரி."

ஜெனோஜன் சிரித்தான். கொலின்ஸ் முகக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். குமிழி உடைந்த இடம் வெளிறிப்போயிருந்தது. விரலால் தடவினால் சொரசொரத்தது. காய்ச்சல் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டான்.

வீடு இருக்கும் கீரிக் கிராமத்துக்குப் போகும் வழியில் வெயில் கொளுத்தியது. ஹோர்ன் அடித்தாலும் நகராத கழுதைகள் அன்று அவன் வருமுன்னரே றோட்டை விட்டு விலகி நின்றன. பாதி வழியில் முதுகுப் பையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர்ப் போத்தலை எடுத்து, இருந்ததை எல்லாம் மணலில் ஊற்றினான். சத்தம் நின்றது. இவ்வளவுதானா என்று ஒரு நிம்மதி.

வீட்டில் சுவேதினி எவர்சில்வர் பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போனதும் பேணிக்குள் படபடவென்று தொடங்கியது.

"ஏன் குடிக்கேல்லை? ஆறப்போகுது," என்று அவள் அறையிலிருந்து கேட்டாள்.

"பிறகு குடிக்கிறன்."

தேத்தண்ணியை யன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டுப் பேணியை வெளிச்சத்தில் பிடித்தான். அடியெல்லாம் குழி. நடுவில் ஓர் ஓட்டை வழியே வெயில் தெரிந்தது. வழியில் போத்தல், இப்போது பேணி. அவன் எந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் போகிறானோ, அந்தத் தண்ணீருக்குள் அது பிறக்கிறது. இனி இந்த வீட்டில் நிற்கக் கூடாது. இப்போதே போக வேண்டும். பிள்ளையைப் பார்க்காமலே போக வேண்டும்.

செருப்பைத் தேடினான். ஒன்று கிடைத்தது. மற்றதைக் காணவில்லை.

வீட்டின் பின்வளவில் 'சளக்' என்று சத்தம். சின்னக் கை தண்ணீரை அடிக்கும் சத்தம். செலீனாவின் சிரிப்பு.

"பிள்ளையைக் குளிக்க வாக்கிறன், துவாயை எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றாள் சுவேதினி.

அவன் அசையவில்லை. பின்வளவுக்குப் போனால் அதுவும் கூட வரும். போகாவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் ஓர் அடி வைத்தான்.

படபட.

பின்வளவிலிருந்து. பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசினிலிருந்து.

ஓடினான். செருப்பில்லாத காலில் ஏதோ குத்தியது. ஓடினான். சுவேதினியைத் தள்ளினான். பிள்ளையை அள்ளினான். பேசினை உதைத்தான். தண்ணீர் மணலில் பரவியது. மணல் உறிஞ்சியது. காய்ந்தது.

அமைதி.

"என்ன விசரா உங்களுக்கு?" என்று கத்தினாள் சுவேதினி.

அவன் பிள்ளையை மடியில் கிடத்தினான். பிள்ளையின் உள்ளங்காலைப் பார்த்தான். முதுகைப் பார்த்தான். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. தன் சட்டையால் ஈரத்தை ஒற்றி ஒற்றி எடுத்தான், காதுமடலின் பின்பக்கம்கூட. பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். சுவேதினிக்குக் கோபம் போய்விட்டது. அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"கடலில ஏதும் பயந்திட்டியளோ? சரி, விடுங்கோ. இஞ்ச பாருங்கோ, ஒரு நல்ல விசயம். விடியத்தான் கண்டனான், பிள்ளைக்குப் பல்லு வந்திட்டுது." அவள் செலீனாவின் கீழுதட்டை விரலால் மெல்ல விலக்கினாள். "அப்பாவுக்குக் காட்டம்மா."

செலீனா வாயைத் திறந்து சிரித்தாள். கீழ் ஈறில் இரண்டு பற்கள். அரிசிக் குறுணி அளவு. இரண்டும் வெளிறிச் சொரசொரத்திருந்தன. எச்சில் ஊறியது. அதற்குள் ஒரு குமிழி. பக்கத்தில் இன்னொன்று.

"என்ன சத்தம் அது?" என்றாள் சுவேதினி.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பல் நுனியிலிருந்து தேய்ந்து, ஈறோடு ஈறாக, இல்லாமல் போனது. பிள்ளைக்கு வலிக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். குமிழிகள் நாக்கைத் தாண்டி, ஒவ்வொன்றாக, தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.