அலசிய வரைபடம்

காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்ததும் இசக்கி செய்கிற முதல் வேலை, வரைபடத்தை அலசுவது. தென்மண்டல நிலத்தரவு உரிமப் பிரிவில் அதை அப்படித்தான் சொல்வார்கள். மண்டலத்தின் வீடு, கிணறு, ஒற்றையடிப் பாதை எல்லாம் உள்வரைபடத்தில் இருக்கும். மறைப்புரிமை வாங்கியவர்களின் வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பொது உரிமத்தில் அக்கம்பக்கத்து மண்டலங்களுக்கு அனுப்ப வேண்டும். அரைமணி நேர வேலை. அன்றைக்கும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

பொட்டல்குளத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளை மறைத்தது அவள்தான். வற்றிப்போன குளத்துக்குள் கட்டிய வீடுகள். பொது வரைபடத்தில் தெரிந்தால் போதும், இடிப்பு இயந்திரங்கள் தாமாகவே வந்து நிற்கும். கெஞ்சலாம் என்றால் அவற்றில் காது கொடுக்க ஓர் ஆள் கிடையாது. ஏற்கெனவே இரண்டு ஊர்களில் அப்படித் துரத்தப்பட்ட சனங்கள். அவர்களில் ஒருத்தி இசக்கியின் அக்கா பிரமு. "உசுரே போனாலும் எங்கள வெளிய காட்டிராதட்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இசக்கி தலையாட்டிவிட்டு வந்தாள்.

மதியம் இரண்டே காலுக்கு, மேற்கு மண்டல அணையின் பொறியாளர் தங்கதுரை திரையில் வந்தார்.

"மேடம், சும்மா ஒரு தகவலுக்குச் சொல்லுதேன். மலையில பேய்மழை. அணை தாங்காது. இன்னும் இருபது நிமிசத்துல மதகு தானாத் தெறந்துரும். தண்ணிய விட ஆளில்லாத இடமா வரைபடத்துல அதுவே பாத்து எடுத்துக்கிட்டு. பொட்டல்குளம்னு ஒரு காலி நிலம்."

இசக்கி எழுந்தேவிட்டாள். "ஐயோ, அது காலி இல்ல சார்! ஆயிரம் பேரு இருக்காவ!"

"நீங்க குடுத்த வரைபடத்துல ஒண்ணுமே இல்லையே?"

"மறைச்ச வீடுகள எடுத்துட்டுத்தான் அனுப்புவோம். எடுத்தோம்னு உங்களுக்குச் சொல்லவும் கூடாது. சட்டம் அப்படி."

தங்கதுரையின் முகம் வெளுத்துப் போனது. "நான் நம்புதேன் மேடம். மதகு நம்பணுமே! உரிமத்தோட வார தரவைத் தவிர அது எதையும் எடுத்துக்காது. என் கையில ஒரு பொத்தான்கூடக் கிடையாது."

மறைத்த இடத்தையும் வெறும் இடத்தையும் பிரித்துக் காட்ட ஓர் அடையாளம்கூட வைக்காமல் பதினோரு வருஷமாக அலசியிருக்கிறார்கள். அடக்கடவுளே, ஒருத்தருக்குமா இது தோன்றவில்லை! முதலில் இசக்கிக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அன்றைக்கு அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மேளம் அடிக்கும்போது காதோரம் கத்தினாலே கேட்காது. கோயில் தர்மகர்த்தாவும் எடுக்கவில்லை. நேரில் போக ஒரு மணி நேரம் ஆகும். பதினான்கு நிமிடம்தான் இருந்தது.

மறைப்பை நீக்க வேண்டுமானால் அத்தனை வீட்டுக்காரர்களின் கைரேகையும் வேண்டும். அது இல்லாமலும் உரிம அலுவலரான அவளே திறக்கலாம்; திறந்தால் வேலை போகும். போய்த் தொலையட்டும். ஆனால் பொது உரிமத்தில் போன தரவைத் திரும்ப வாங்க முடியாதே! நொடியில் எல்லா மண்டலத்து இயந்திரங்களுக்கும் போய்விடும். மூன்றாவது தடவையும் வீட்டை இழந்து அக்கா எங்கே போவாள்?

"ஒம்பது நிமிசம்" என்றார் தங்கதுரை. "என்ன செய்யணுமோ சட்டுனு செய்யுங்க தாயி."

திறந்துவிட்டாள்.

வெற்று நிலத்தில் சதுரம் சதுரமாக வீடுகள் முளைத்தன. கோயில், அடிகுழாய், பால்வாடி. அவள் மூச்சு விடாமல் நின்றாள்.

"மாத்திட்டு! மதகு பாதைய மாத்திட்டு மேடம்! தெற்கால வாழைத்தோட்டத்துப் பக்கம் போகுது!"

அந்தத் தோட்டத்தில் யாரையாவது மறைத்து வைத்திருக்கிறோமா? பதறிப்போய் உள்வரைபடத்தைத் தேடினாள். நல்லவேளை, யாரும் இல்லை. நாற்காலியில் தொப்பென்று விழுந்து அழுதாள்.

நாலு மணிக்கு அக்காவே கூப்பிட்டாள். மேளம் நின்றிருந்தது. பின்னால் பெண்கள் அலறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி இசக்கி, இடிக்கிற மிஷினு பூரா வந்து நிக்கிதுட்டி! சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே வந்துட்டு. சாமான் சட்டிய எடுக்க ஒரு மணி நேரந்தான் குடுத்துச்சு, அதும் முடிஞ்சுட்டு. யாரோ நம்மள வெளிய காட்டிட்டாவ. யாருட்டி அது?"

"நான்தான்க்கா." அலறலில் அது அக்காவுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நான்தான். வெள்ளம் வர இருந்துச்சுக்கா. ஒருத்தர்கூடத் தப்பிச்சிருக்க மாட்டீக."

அந்தப் பக்கம் ஒரு சுவர் இடிந்து விழுகிற சத்தம் கேட்டது.

"எந்த வெள்ளம்?" என்றாள் பிரமு. "இங்க வெயிலுல்லா அடிக்கி. ஒரு சொட்டுத் தண்ணி வரலையேட்டி."