மீன் என்ன தப்பு பண்ணுச்சு?

அம்மாவின் கைபேசியில் ஒரு குளம் இருந்தது. அதில் சில மீன்கள் நீந்தும். நம் மீனுக்கு நாமே இரை போட முடியாது. நண்பர்கள் யாராவது வந்துதான் போட வேண்டும். நாமும் அவர்கள் குளத்துக்குப் போய்ப் போடலாம். யாருமே வராவிட்டால் மீன்கள் சோர்ந்துபோய் அடியில் படுத்துக்கொள்ளும். விளையாட்டு அவ்வளவுதான்.

"இதுல யாரு ஜெயிப்பாங்க, இபு?" என்று லாரஸ் அம்மாவிடம் கேட்டாள்.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"அப்போ தோக்கிறது?"

"தோக்கவும் மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குத்தான் விளையாடுறீங்க?"

"சும்மாதான்," என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி.

லாரஸின் அம்மா வெனிங் ஒரு தையல்காரி. இந்தோனேசியாவின் செமாராங் நகரத்து ஆற்றங்கரைச் சந்தில், அவள் தையல் இயந்திரம் காலையிலேயே கடகடக்க ஆரம்பித்துவிடும். அன்று வேலை அதிகம். கைபேசியை மகளிடம் நீட்டினாள்.

"நீயே இரை போட்டுடு. முதல்ல ஹார்னி குளத்துக்குப் போடு."

லாரஸ் நிமிர்ந்து பார்த்தாள். ஹார்னி அம்மாவின் சொந்த அக்கா; லாரஸுக்குப் பூதே, அதாவது பெரியம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம் சோத்தோ என்னும் கோழி சூப் கடை வைத்திருப்பவர். அவர் மகள் கல்யாணத்துக்கு அம்மாதான் எல்லாருக்கும் கெபாயாச் சட்டை தைத்துக் கொடுத்தாள். கல்யாணத்தன்று பார்த்தால், அத்தனையையும் வேறு யாரோ பிரித்துத் தைத்திருந்தார்கள். "இறுக்கமா இருந்துச்சு, என்ன பண்றது?" என்று பெரியம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சந்தையில் அக்கா எதிரே வந்தால், வாங்கப் போகாத வெங்காயத்தைக்கூட அம்மா பொறுக்கிக்கொண்டு நிற்பாள்.

"நீங்கதான் பூதேகூடப் பேசறதில்லையே?"

"அதுக்கு? மீன் என்ன தப்பு பண்ணுச்சு?"

அதன்பிறகுதான் லாரஸ் கவனித்தாள். தினமும் காலையில் அம்மாவின் திரையில் ஒரு வரி வரும்: 'ஹார்னி உங்கள் மீன்களுக்கு இரை போட்டார்.' அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா இயந்திரத்தில் உட்காருவாள்.

ஒருநாள் அந்த வரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மீன்கள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

அன்று அம்மா அடுப்பில் பொரித்த சோயா டெம்பேயைக் கருக விட்டாள். ஒரு சட்டைக்கு இரண்டு இடதுகை வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

"பூதேவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன, இபு?"

"வேண்டாம். போதும்னு நினைச்சிருப்பா. விடு."

லாரஸுக்கு விட முடியவில்லை.

"பூதே கடை வரைக்கும் போயிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். போகாதே என்று அம்மா சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

பெரியம்மா கடையில் கொத்தமல்லி அரிந்துகொண்டிருந்தார். லாரஸைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"என்னம்மா? உங்க அம்மாவுக்கு ஏதாவது..?"

"இபு நல்லாத்தான் இருக்காங்க. மீனுங்கதான் படுத்துடுச்சு."

பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "போனு சோத்தோ பானைக்குள்ள விழுந்துடுச்சும்மா. கரண்டியால எடுத்தேன். போன் ரிப்பேர் கடைக்காரன் முகர்ந்து பார்த்துட்டு, 'எலுமிச்சம்பழம் பிழியணுமா?'ன்னு கேக்கறான்."

லாரஸ் சிரித்துவிட்டாள். பெரியம்மா சிரிக்கவில்லை.

"உங்க அம்மா என்ன நினைச்சாளோ. வேணும்னே விட்டுட்டேன்னு நினைச்சிருப்பா, இல்ல?"

"நேர்ல வந்து சொல்லுங்களேன்."

"நானா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? பெரிய பேச்சுப் பேசினவளாச்சே."

லாரஸ் கொஞ்சம் யோசித்தாள்.

"பேச வேண்டாம், பூதே. மீனுக்கு இரை போட மட்டும் வாங்க. எங்க போன்லயே உங்க பேரைப் போட்டு உள்ள போகலாம். போட்டுட்டு வந்துடுங்க."

பெரியம்மா பானையைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். பிறகு மேலாடையில் கையைத் துடைத்துக்கொண்டார். "மீனுக்காகத்தான் வரேன்," என்றார் கண்டிப்பான குரலில்.

வாசலில் அக்காவைக் கண்டதும் அம்மா இயந்திரத்தை விட்டு எழுந்துவிட்டாள்.

"பூதே போன் பானையில விழுந்துடுச்சு. மீனுக்கு இரை போட வந்திருக்காங்க," என்று லாரஸ் முந்திக்கொண்டாள்.

"போடட்டும்," என்றாள் அம்மா. நாற்காலி மேலிருந்த துணிகளை வேகவேகமாக அள்ளினாள். பிறகு குனிந்து தைக்கத் தொடங்கினாள்.

"கடவுச்சொல் என்ன, பூதே?"

பெரியம்மா தயங்கினார். லாரஸின் காதருகே குனிந்து முணுமுணுத்தார். லாரஸுக்கோ எழுத்துகளைச் சத்தமாகச் சொல்லித் தட்டித்தான் பழக்கம்.

"நிங்... சிலிக்..."

தையல் இயந்திரம் நின்றது.

நிங் சிலிக் என்றால் சின்ன நிங். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த அக்கா வைத்த பெயர் அது. வேறு யாரும் அம்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"யூ..." என்றாள் அம்மா. அக்காவை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"சட்டை சரியாத்தான் இருந்துச்சுடி," என்றார் பெரியம்மா. "நீ அளவெடுத்தப்புறம் நான்தான் குண்டாயிட்டேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"உனக்கு மட்டும்தானே இறுக்கமா இருந்துச்சு? அத்தனை சட்டையையும் இல்ல பிரிச்சே?"

"நான் மட்டும் பிரிச்சா எனக்குத்தான் தொப்பைன்னு தெரிஞ்சிடாதா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பெரியம்மா தம்முடைய வயிற்றைத் தட்டிக் காட்டினார். அம்மா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர் இடுப்பை அளக்க ஓடினாள்.

"பூதே, குளம் திறந்துடுச்சு," என்றாள் லாரஸ். "இரை போடலையா?"

"இரும்மா," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.