பாதி ஏறிய படம்

கம்பெனி வெப்சைட்டில் தொழிலாளி அப்துல் நாசரின் படத்துக்கு வலது ஓரத்தில், போன வாரம் பிந்து வெட்டிய இடத்தில், மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. அவள் போட்டதல்ல. துப்பட்டாவால் திரையைத் துடைத்தாள். போகவில்லை. தானே ஏதாவது தப்புச் செய்துவிட்டோமோ என்று படிப்படியாக யோசித்துப் பார்த்தாள். டெலிபோன் லைனில் படம் சீக்கிரம் ஏறட்டும் என்று அகலத்தைக் குறைத்திருந்தாள். நாசரின் கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது. அவ்வளவுதான்.

அதே கையை, அதே மணிக்கட்டில், நேற்று ஷெட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் வெட்டியது. தகட்டோடு தகடாக விரல்கள் அச்சில் நசுங்கிக் கிடந்ததை அவளும் பார்த்தாள். போன மாதம் ஷெட்டில் வேலை செய்யும் பழனாத்தாளின் காதும் இப்படித்தான். முதலில் படத்தில். பிறகு ஷெட்டில்.

முதலாளி சீனிவாசலு எட்டிப் பார்த்தார். "அம்மணி, நாசர் படத்தைத் தூக்கிப்போட்டு புது குரூப் போட்டோவ ஏத்து. பழசாவே கெடந்தா, கடையச் சாத்திப்போட்டாங்கன்னு வெளிநாட்டுக்காரன் நெனச்சுக்குவான்."

"அது வேண்டாமுங்க."

"ஏன், உங்க நைனா மூஞ்சி நல்லா உழுகலையா?" சிரித்தார். "உன்னால முடியலீன்னா சொல்லு, வேற ஆளு வெட்டி ஏத்தட்டும்."

வெட்டி. அந்தச் சொல்தான் அவளை உட்கார வைத்தது. படத்தில் ஷெட் ஆட்கள் ஆறு பேர், நடுவில் பிரஸ் ஓட்டும் அவள் அப்பா கோவிந்தராஜுலு. ஒரு மயிரிழைகூட வெட்டாமல் தானே ஏற்றிவிடுவது என்று முடிவுசெய்தாள்.

"முழுசா ஏறி முடியற வரைக்கும் போனத் தொட்றாதீங்க. எடுத்தா லைன் அறுந்துபோயிருமுங்க."

"செரி, செரி."

மோடம் கீச்சிட்டு அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் இடிக்கும் ஒவ்வொரு இடிக்கும் மேசையும் அவள் பல்லும் ஒன்றாக அதிர்ந்தன. கதவிடுக்கில் கட்டிங் ஆயிலும் சூடான இரும்பும் கலந்த வாடை வந்தது. படம் எறும்பு ஊர்வதுபோல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பாதி வந்துவிட்டது.

பக்கத்து அறையில் 'க்ளிக்' என்றது. முதலாளி வீட்டுக்காரியிடம் பேசப் போனை எடுத்துவிட்டார்.

"ஹலோ, பங்காரு? ராத்திரிக்கு என்ன சமையலு? அட, இதென்ன கரகரங்குது..."

"வெய்யுங்க! போன வெய்யுங்க!"

வைத்தார். லைன் செத்திருந்தது.

மோடத்தை மறுபடி இணைத்தாள். வெப்சைட் பக்கம் மேலிருந்து வரிவரியாகத் திறந்தது. தகரக் கூரை. தலைமுடி. நெற்றிகள். கண்கள். நைனாவின் மீசை. ஆறு கழுத்துகள்.

அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

வெட்டின ஓரம் முழுக்கச் சிவப்பு.

டொம். டொம்.

பிரஸ் ஓடுகிறது. ஓட்ட ஆள் இருக்கிறார். நைனா இருக்கிறார். அழுகையும் சிரிப்புமாய்க் கதவுக்கு ஓடினாள். ஆயில் வாடை இல்லை. வேறு வாடை. கைப்பிடி வழுக்கியது. தள்ளினாள்.

ஆறு பேரும் அவரவர் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சட்டைக் காலர்களுக்கு மேலே எதுவும் இல்லை. காலர்களிலிருந்து ரத்தம் கொதித்து வழிந்தது. நடுவில், நைனாவின் கால் பெடலை மிதித்தது.

டொம்.

மறுபடி மிதித்தது.