புகைபோக்கிக்குள் ஒரு கூறை

சோபாவின் இடது பக்கத்தில் மட்டுந்தான் குளிர் அடித்தது. அது நிரூபா இருக்கும் பக்கம்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே," என்றான் யசிந்தன். சால்வையைப் போர்த்தியபடி, நெருப்பே மூட்டாத கணப்படுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிம்னிக்குள்ளாலதான் காத்து வருது. அதை அடையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"சஜிதாவுக்கு அது திறந்து கிடந்தாத்தான்..." பாதியில் நிறுத்தினான். "சனிக்கிழமை ஆளைக் கூப்பிடுறன்."

"அவவைக் கேட்டிட்டுக் கூப்பிடுங்கோ."

அவன் சிரிக்கவில்லை. மில்லிக்கன் என்ற பனி ஊரில் இந்த வீட்டை அவன் வாங்கியது, பிறகு செத்துப்போன முதல் மனைவி சஜிதாவோடு.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் நிரூபா கணப்புக்குள் கையை விட்டுப் பார்த்தாள். புகைபோக்கியை மூடும் இரும்புத் தகடு திறந்தபடியே துருவேறி அசைய மறுத்தது. மேலிருந்து இறங்கிய குளிரில் பழைய கரிமணமும், அதற்கு அடியில் மெல்லிய சந்தன மணமும் இருந்தன. அடைக்கத் துணி தேடி நிலக்கீழ் அறைக்குப் போனாள். பழைய துவாய்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அவள் கை மூலையில் இருந்த பழைய சூட்கேசுக்குத்தான் போனது.

வெள்ளைத் துணியில் சுற்றிய சஜிதாவின் கல்யாணக் கூறைச் சேலை. மாப்பிள்ளையின் சால்வையோடு முடிந்த இடம் முந்தானையில் இன்னும் கசங்கிக் கிடந்தது. நிரூபாவுக்குக் கூறை எடுக்கவில்லை. இரண்டாந்தாரத்துக்குப் பதிவு போதும் என்று அவன் வீட்டார் சொன்னபோது அவன் வாய் திறக்கவில்லை.

வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடியால் சேலையைப் புகைபோக்கிக்குள் குத்திக் குத்தி ஏற்றினாள். கடைசி நுனியும் மறைந்தது. காற்று நின்றது.

அன்று முதல் தடவையாக அவள் பக்கம் சூடாக இருந்தது. பக்கத்தில் யாரோ ஒட்டி உட்கார்ந்திருப்பதுபோன்ற சூடு.

ஐந்து மணிக்கே இருட்டியது. வெளியே பனி கொட்டி, தெருவின் சத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்க, புகைபோக்கிக்குள் பட்டு உரசியது. நின்றது. மறுபடி உரசியது. கொசுவம் மடிக்கும் சத்தம்.

யசிந்தன் வந்தான். சால்வையை எடுத்துப் போர்த்தினான். சோபாவுக்கு வராமல் கணப்பின் முன் தரையில் இருந்தான்.

"நல்ல வாசமா இருக்கு," என்றான்.

அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

கணப்புக்குள்ளிருந்து முந்தானை தொங்கியது. அதன் நுனி அவன் சால்வையோடு முடிந்திருந்தது.

கோப்பை விழுந்தது. பாய்ந்து முடிச்சைப் பிடித்தாள். நகம் கிழிந்தது. முடிச்சு இளகவில்லை.

"யசி... கழட்டுங்கோ இதை."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் ஒரு நாளும் கண்டிராத வெட்கத்தோடு சிரித்தான்.

மேலே யாரோ சேலையை ஒரு முழம் இழுத்தார்கள்.

மணவறைக்குள் நுழையும் மாப்பிள்ளையைப்போல, அவன் கணப்புக்குள் தலை குனிந்தான்.